தேம்ஸ் முகத்துவாரத்தில் வீழ்ந்த விமானம்



போர்க்களத்தில் மடிந்தோரைப் பற்றிப் பேசுவோர் பலர். களத்துக்கு வெளியே, அரசின் ஏவலை நிறைவேற்றும்போது மடிந்தோரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அத்தகைய இருவரைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றோம்.

1930ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியே விமானஞ் செலுத்திச் சென்ற முதற் பெண்மணி ஏமி ஜோன்சன். இரண்டாம் உலகப் போர் மூண்டபின், 1940இல், அவர் விமானப் போக்குவரத்துத் துணைப் படையிற் சேர்ந்தார். விமானங்களைத் தளத்துக்குத் தளம் கொண்டுசென்று ஒப்படைப்பதே அப்படையின் பணி. அப்பணி புரிந்த பெண்களுக்கு ஆண்களிலும் ஐந்திலொரு பங்கு குறைந்த சம்பளமே கொடுக்கப்பட்டது. முகிலும் பனியும் ஆண் பெண் பார்த்தா வழியை மறைத்தன?

1941ஆம் ஆண்டு சனவரி மாதம் 5ஆந் திகதி, எயர்ஸ்பீட் ஒக்ஸ்போர்ட் விமானமொன்றைப் பிளக்பூலிலிருந்து கிட்லிங்டன் தளத்துக்கு அவர் செலுத்திச் சென்றார். புதிய விமானிகளுக்குத் தொழில் பழக்குதற்கென ஆயிரக்கணக்கிற் கட்டப்பட்ட இரட்டை எந்திரப் பயிற்சி விமானம் அது. பயணமோ ஒரு மணி நேரமே. வானொலித் தொடர்பு கிடையாது. வயலில் நிற்கும் கமக்காரன் முகிலைப் பார்த்து மழையைக் கணிப்பான். முகிலுக்கு மேலே அகப்பட்டவருக்குக் கீழே இருப்பது வயலா, கடலா என்பதே தெரியாது. நண்பகலுக்குச் சற்று முன் புறப்பட்டவர், பிற்பகல் மூன்றரை மணியளவில், சேரவேண்டிய இடத்துக்கு ஏறத்தாழ 100 மைல் கிழக்கே, தேம்ஸ் நதி கடலோடு கலக்குமிடத்திற் பரசூட் மூலம் இறங்கினார். விமானம் கடலில் வீழ்ந்தது.

அவ்வழியே சென்ற ஹேசில்மியர் என்னும் கப்பலிலிருந்தோர் கயிறெறிந்தனர், பயனில்லை. கப்பலின் தலைவர் வோல்டர் பிளெச்சர் தாமே உறைகுளிர் நீரிற் குதித்தார். ஏவலாளரை அனுப்பிவிட்டு மேல்தளத்தில் நின்றிருக்கலாம். எத்தனை தலைவர்கள் அப்படி நிற்கின்றனர்! மீட்கப்பட்ட பின்னும் அவர் பிழைக்கவில்லை. உயிர்காக்கும் துணிவுக்குரிய அல்பேட் பதக்கம் அவர் மறைந்தபின் வழங்கப்பட்டது. ஏமியின் பெயரை அறிந்தோருள் இவர் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

விபத்துக்குக் காரணம் என்ன? வழிதவறி எரிபொருள் தீர்ந்தது என்பர் சிலர். கப்பலின் விசிறியே அவரை இழுத்து மாய்த்தது என்பர் வேறு சிலர். பகை விமானமெனக் கருதித் தம் அணியினரே சுட்டதாகவும், அதைப்பற்றி வாய்திறவாதிருக்க மேலதிகாரிகள் பணித்ததாகவும் 1999இல் ஒரு முன்னாட் பீரங்கி வீரர் கூறினார். ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின்! அது மெய்யாயின், உண்மையை மறைத்தது பெருங்குற்றம். பொய்யாயின், அதை ஐயமற மறுக்கப் போதிய பதிவின்றி விட்டது அரசின் குறையே. பணிக்கு அனுப்பியவன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன்.

அலைகளிலிருந்து ஏமியின் பையொன்று கிடைத்தது; உடல் கிடைக்கவேயில்லை. 1943ஆம் ஆண்டிலேதான் அவர் இறந்தாரென நீதிமன்றம் தீர்மானித்தது. துணைப் படைப் பெண்களுக்குச் சம சம்பளம் கிடைத்ததும் அவ்வாண்டிலேயே.