ஓடியவர் திரும்பி வந்தார்



பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பாயை விரித்துப் படுத்தால் சுகமாக இருக்கும். ஆனாலும் சிலேட்டோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏன்? சுகத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது என்று உங்கள் மனம் சொல்கிறது.

அந்தப் பெரியதைத் தேடிப் போன ஒருவரைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அவர் பெயர் முரளிதர் தேவிதாஸ் ஆம்தே. மக்கள் அவரை அன்போடு 'பாபா ஆம்தே' என்று அழைத்தார்கள்.

மகாராஷ்டிர மாநிலத்தில் ஹிங்கன்காட் என்று ஓர் ஊர். அங்கே 1914-ல் அவர் பிறந்தார். பெரிய நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. இளம் வயதிலேயே சொந்தக் கார் வைத்திருந்தார். காரின் இருக்கைக்குச் சிறுத்தைத் தோல் போட்டிருந்தார். காட்டுக்கு வேட்டையாடப் போவார். சட்டம் படித்து வக்கீல் ஆனார். பணம் வந்தது. மரியாதை வந்தது. மனநிறைவு மட்டும் வரவில்லை.

'நான் எதற்காக வாழ்கிறேன்?' என்று அவர் மனம் கேட்டது.

காந்தியடிகளின் வழி அவருக்குப் பிடித்தது. எளிய உடை உடுத்தினார். வரோரா என்ற ஊரில் மலம் அள்ளும் தொழிலாளர்களோடு சேர்ந்து தானும் மலக்கூடை சுமந்தார். ஒருமுறை ரயிலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்தார்கள். ஆம்தே தனி ஆளாக அவர்களை எதிர்த்து நின்றார். இதைக் கேள்விப்பட்ட காந்தியடிகள் அவருக்குப் பயம் இல்லாதவர் என்று பொருள்படும் ஒரு பட்டப் பெயர் கொடுத்தார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பயந்து ஓடினார். யாரைக் கண்டு? சிப்பாயைக் கண்டு அல்ல. புலியைக் கண்டும் அல்ல.

மழை பெய்துகொண்டிருந்தது. வழியோரத்தில் ஒரு மனிதர் கிடந்தார். அவர் பெயர் துளசிராம். தொழுநோய் முற்றிப்போய் விரல்கள் இல்லை. உடம்பெல்லாம் புண். அவரைப் பார்த்ததும் ஆம்தேக்கு உடம்பு நடுங்கியது. 'இந்த நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டால்?' வீட்டைப் பார்த்து ஓடினார்.

வீட்டுக்குப் போனால் பயம் தீர்ந்ததா? தீரவில்லை. 'பயம் இல்லாதவன் என்று பெயர் வாங்கினேனே! ஒரு நோயாளியைக் கண்டு ஓடிவிட்டேனே!' என்று மனம் குத்தியது. திரும்பிப் போனார். மழை படாமல் துளசிராமுக்கு மறைப்புக் கட்டினார். உணவு ஊட்டினார். துளசிராம் பிழைக்கவில்லை. ஆனால் ஆம்தேயின் வாழ்க்கை அந்த இடத்தில்தான் திரும்பியது.

உண்மையைத் தேடிச் சிலர் மலைக்குப் போகிறார்கள். சிலர் கோயிலுக்குப் போகிறார்கள். ஆம்தே தான் எங்கிருந்து ஓடினாரோ அங்கேயே திரும்பிப் போனார். அவர் தேடியது அங்கே இருந்தது.

பிறகு கொல்கத்தாவுக்குப் போய்த் தொழுநோய் மருத்துவம் கற்றார். ஆராய்ச்சிக்காக அந்த நோயின் கிருமியைத் தன் உடம்பிலேயே செலுத்தச் சம்மதித்தார். அவருக்கு நோய் வரவில்லை.

1951-ல் வரோராவுக்குப் பக்கத்தில் கல்லும் புதருமான ஒரு நிலத்தில் குடியேறினார். கூடப் போனவர்கள் யார்? மனைவி சாதனா, இரண்டு சின்னக் குழந்தைகள், ஆறு தொழுநோயாளிகள், ஒரு நொண்டிப் பசு. கையில் இருந்த பணம் 14 ரூபாய். வசதியாக வாழ்ந்திருக்க வேண்டிய சாதனா அம்மையார் பாம்பும் தேளும் திரியும் இடத்தில் குடிசை போட்டு அடுப்பு மூட்டினார். அந்த அம்மையாரின் துணிவும் குறைந்தது அல்ல.

அந்த இடத்துக்கு ஆனந்தவனம் என்று பெயர் வைத்தார்கள். அங்கே பிச்சை கிடையாது. வேலை உண்டு. விரல் இழந்தவர்கள் கிணறு வெட்டினார்கள். காடு திருத்திப் பயிர் செய்தார்கள். பின்னாளில் ஒரு கல்லூரியே கட்டினார்கள். சுற்றுவட்டார ஊர்ப் பிள்ளைகள் அங்கே படிக்க வந்தார்கள். ஊர் யாரைத் துரத்தியதோ அவர்களே ஊருக்குக் கல்லூரி கட்டிக் கொடுத்தார்கள்!

பாபாவுக்கு முதுகெலும்பில் நோய் வந்தது. உட்கார முடியாது. நிற்கலாம், அல்லது படுக்கலாம். அப்போதும் அவர் ஓயவில்லை. நாட்டு ஒற்றுமைக்காக 1985-ல் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு இளைஞர்கள் சைக்கிளில் புறப்பட்டார்கள். எழுபது வயதில் பாபா வண்டியில் படுத்தபடியே அவர்களோடு போனார். 2008-ல் அவர் காலமானார்.

ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தொழுநோய் பாவத்தால் வருவது அல்ல. கிருமியால் வருவது. தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளாது. உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து இலவசம். சொன்னபடி சாப்பிட்டால் நோய் குணமாகும்.

அன்பர்களே! நாம் எல்லோரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை யோசிப்போம். நாம் யாரைக் கண்டு ஒதுங்கிப் போகிறோம்? யார் வீட்டு வாசலை மிதிப்பதில்லை? யாருக்கு நம் வீட்டுத் தம்ளரில் தண்ணீர் கொடுப்பதில்லை?

இந்த மையத்துக்கு முதல் நாள் வந்து, கூச்சப்பட்டு, வாசலோடு திரும்பிப் போனவர்கள் உங்களில் உண்டு. மறுநாள் நீங்கள் திரும்பி வந்தீர்கள். இன்று உங்கள் பெயரை நீங்களே எழுதுகிறீர்கள்.

ஓடுவது குற்றம் இல்லை. எல்லோருக்கும் பயம் உண்டு. ஆனால் ஓடிய இடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள். வாழ்க்கையின் பொருள் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கலாம்.