தொட்டியில் கை விடும் முன்
(மாதக் கூட்டத்தில் பேசியது)

கடல் வண்ணமீன் தொட்டி பராமரிக்கிற நம்ம உறுப்பினர்களுக்கு ஒரு விஷயம். "உப்புத் தண்ணிதானே, கிருமி இருக்காது"ன்னு நினைக்காதீங்க. காசநோய்க் கிருமிக்கு உறவான மைக்கோபாக்டீரியம் மரைனம் அதில் இருக்கலாம். விரல் கீறல் வழியா நுழைஞ்சா, சில வாரம் கழிச்சுத்தான் கட்டி வரும். நாமதான் வலி பெரிசா இல்லைன்னா தைலம் தடவியே நாளைக் கடத்துவோமே! டாக்டர்கிட்ட போனா, "மீன்தொட்டியில வேலை செய்றேன்"னு நீங்களே சொல்லுங்க. மருந்து பல மாதம் சாப்பிட வேண்டிவரலாம்.

விப்ரியோ கிருமி இன்னும் வேகம். ஒரே நாளில் கை வீங்கிக் காய்ச்சல் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சர்க்கரை, கல்லீரல் நோய் உள்ளவங்க, கையில் காயம் இருந்தா, அது ஆறும்வரை தொட்டி வேலையை வேற ஆளுக்குக் கொடுங்க.

மத்தவங்களும் நீளமான ரப்பர் கையுறை போடுங்க. தண்ணி மாத்தும்போது டியூபை வாயால் உறிஞ்ச வேண்டாம். வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவுங்க. வேலைக்கு முன்னாடி கழுவினா, சோப்பு துளியும் ஒட்டியிருக்கக் கூடாது, மீனுக்கு ஆகாது.