கேட்கும் இருதயம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



காலம் மாறுகின்ற இந்நாளிலே தேவஞானத்தைத் தேடுமாறு எங்ஙனம் என்பது பற்றிப் பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தனர். காலம் மாறுகின்றது என்பதற்குச் சான்று தேடி யாம் அலைய வேண்டுவதில்லை. வகுப்பில் ஒரு செய்யுளுக்கு யாம் பொருள் கூறி முடிக்குமுன் மாணவன் தன் கைப்பேசியில் மூன்று உரைகளைக் காட்டுகின்றான். அவற்றுள் இரண்டு பிழையாயிருக்கும். எனினும் வேகத்தில் அவனை வெல்லுதல் எம்மால் இயலாது. ஆகவே, செய்திகளுக்குப் பஞ்சமில்லை. ஞானத்தையோ வேறிடத்தில் தேடல் வேண்டும்.

சாலொமோன் அரசன் கிபியோனிலே உறங்கிய இரவில் ஆண்டவர் சொப்பனத்தில் தோன்றி, அவன் வேண்டுவது யாதென வினவியருளிய வரலாற்றை நாம் இளமை தொட்டு அறிவோம். நீண்ட ஆயுளையும், செல்வத்தையும், பகைவர் உயிரையும் விடுத்து, ஞானமுள்ள இருதயத்தை அவன் வேண்டினான் என நம் தமிழ் வேதாகமம் கூறும். மூலமாகிய எபிரேயத்தில் அவ்விடத்து நிற்கும் சொற்களுக்குக் 'கேட்கும் இருதயம்' என்பதே நேர்ப்பொருளாம். தமிழ் பயின்றார்க்கு இது புதுமையன்று. திருக்குறளிலும் கேள்வி என்னும் அதிகாரம் முன்னிற்க, அறிவுடைமை அதன் பின்னரே வருகின்றது. அன்றியும், வேண்டுதல், வினவுதல், செவிமடுத்தல் ஆகிய மூன்றையும் நம் மொழி 'கேட்டல்' என்னும் ஒரு சொல்லாலேயே உணர்த்தும். தேவனிடத்தில் ஞானத்தைக் கேட்பவன் மனிதர் சொல்லையும் கேட்கக் கடமைப்பட்டவன். அவ்வரசன் முன் அடுத்து வந்து நின்றவர் யாவர்? ஒரு குழந்தையைக் குறித்து வழக்கிட்ட பரத்தையர் இருவர். அவர்கள் வழக்கையே அவன் முதலிற் கேட்டான்.

எருசலேமின் முதற்சபையிலும் இத்தகைய சோதனை நேர்ந்தது. அன்றாடப் பங்கீட்டில் தம் விதவைகள் விடுபடுகின்றனர் எனக் கிரேக்கமொழி பேசும் யூதர் முறையிட்டனர். அப்போஸ்தலர் அவர்களை அதட்டவில்லை. ஆவியும் ஞானமும் நிறைந்த எழுவரைத் தெரிந்து நியமிக்கச் செய்தனர். ஸ்தேவான் முதலாகிய எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே. அவருள் நிக்கொலா யூதனாய்ப் பிறந்தவனுமல்லன். அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்தில் வந்தமைந்தவன். பெயர்கொண்டு நோக்கின், குறை கூறியவர் பக்கத்தாரிடமே பங்கீட்டை ஒப்புவித்தனர் போலும்! அதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

சாதிச் சங்கத்தின் மேடையில் நின்று இதனைப் பேசுதல் எளிதன்று. 1833-ஆம் ஆண்டிலே கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிக எனக் கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆலயத்தை விட்டு நீங்கினர். அம்மனப்பான்மை நம்மிடத்து இல்லை என்று துணிந்து கூற நம்மில் யாருக்கு வாய் வரும்? சங்கமே கூடாதென்று யாம் சொல்ல வரவில்லை. இதன் உதவியாற் படித்தோருள் யாமும் ஒருவேம்.

நம் சங்கத்துக்கும் ஒரு பணப்பை உண்டு. சென்ற ஆண்டு கல்வியுதவிக் குழுவில் யாமும் அங்கம் வகித்தோம். நம் குலத்திற் பிறந்து, வேறு குலத்தவரை மணந்து, கணவரை இழந்த அம்மையார் ஒருவர், தம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி வேண்டி விண்ணப்பித்திருந்தார். தந்தை நம்மவரல்லர் என்னும் விதியைக் காட்டி ஐந்தே நிமிடத்தில் மறுத்தோம். யாமும் கை தூக்கினோம். அவ்விதியின் வாசகத்தில் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தவரும் யாமே! கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது, அவ்வம்மையார் காலை முதல் திண்ணையில் அமர்ந்திருந்தார் என்பதை அறிந்தோம். எம்மைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார். யாம் அவரை ஒரு சொல்லும் கேளாமல் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு வீடு சேர்ந்தோம். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் ஞானம் தந்தருளுமாறு வழக்கம்போல் வேண்டினோம்.

அவ்விண்ணப்பத்தை மீண்டும் எடுக்கவேண்டுமென்று காரியதரிசியிடம் எழுதிக் கொடுத்துள்ளோம். விதி மாறுமோ, மாறாதோ, அறியோம். இம்முறை அவ்வம்மையாரை உள்ளே அழைத்து அமரச் செய்து, அவர் கூறுவதை முற்றக் கேட்ட பின்னரே வாக்கெடுத்தல் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம். குழுவினர் ஒருவரும் தவறாது வருவாராக.