ஒத்திகையும் ஒரு வழிபாடே



கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் திருக்கோயிலருகே நின்று நோக்கினால், வானம் தெளிந்த நாளில் பழனி தெரியும். அங்கே தண்டாயுதபாணிப் பெருமானுக்கு நாள்தோறும் ஆறு காலப் பூசை நடைபெறுகிறது. பூசை வேளை எவருக்காகவும் காத்திராது. திரை விலகும் கணத்தில் நாதசுரமும் தவிலும் ஒருசேர ஒலித்தாக வேண்டும். பிழை நேர்ந்தால், "சற்றுப் பொறுத்தருள்க, மறுபடி வாசிக்கிறோம்" என்று அவன் திருமுன் கூறவியலுமோ? ஒத்திகையின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

ஒத்தல் என்பதன் வழி வந்த சொல் அது. நாதசுரத்திற்குச் சுருதி கூட்டும் கருவிக்கும் ஒத்து என்றே பெயர். பழனித் திருக்கோயில் நடத்திவரும் நாதசுர, தவில் பயிற்சிப் பள்ளி இக்கலையை இளைஞர்க்குக் கற்பிக்கிறது. தாளக் கருவி பயில்வோர் சொற்கட்டை முதலில் வாயாற் சொல்லிக் கையால் தாளமிடுவர். தோலில் கை வைப்பது பிறகே. முதற்காலத்தில் நிதானமாகச் சொன்னதை இரண்டாங்காலத்தில் இரட்டிப்பர். மூன்றாங்காலத்தில் மேலும் இரட்டிப்பர். தொடக்கத்திலேயே விரைவை விரும்புவோர் பலர். அவர்களுடைய பிழையும் உடன் விரைந்து வளரும்!

இப்பழனியின் பெயரால் விளங்கியவர் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). தந்தையார் முத்தையா பிள்ளை தவிலிலும் மிருதங்கத்திலும் வல்லவர். மைந்தரோ இடக்கை வழக்கமுடையவர். மிருதங்கத்தின் வலந்தலை அவையை நோக்கியிருத்தல் மரபு. அதனை இடக்கையால் வாசிப்பவர் அமர்வதற்குப் பிடில் வித்துவான் தம் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இசையாதோர் இருந்தனர், வாய்ப்புகள் நழுவின. எத்துணைப் பெரிய வித்தைக்கு எத்துணைச் சிறிய தடை! செம்பை வைத்தியநாத பாகவதர் துணைநின்று தம் கச்சேரிகளில் அவரை வாசிக்கச் செய்தார்.

மேடை மறுக்கப்பட்டோர்க்கு எஞ்சுவது சாதகம் ஒன்றே. அழைப்பு வந்தபின் தொடங்கும் பயிற்சி அன்றைய அவைக்கு உதவாது. பிள்ளையவர்களின் கை முன்னமே பழுத்திருந்தது. அவர்தம் தொப்பி நாதத்தை இசையுலகம் இன்றும் வியந்து பேசுகிறது.

அவரிடம் பயின்ற திருச்சி சங்கரன் 1971இல் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்றுப் பல்லாண்டு கற்பித்தார். பனி பொழியும் அந்நாட்டு மாணவரும் சொற்கட்டை வாயாற் சொல்லிப் பழகினர்.