மலையின் தொகுதி, சமவெளியின் ஓட்டு

(கொட்டச்சேட்டில் நடந்த இளைஞர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குப்பனூர் பாதையில் மலையேறி வந்தேன். நான் வாழப்பாடிப் பக்கத்துக்காரன், பழங்குடி இல்லை. ஆனால் உங்கள் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவன் நான். நீங்களும் ஓட்டுப் போடுகிறீர்கள், சரிதான். ஆனால் முடிவு செய்வது கீழே இருக்கும் எங்கள் ஓட்டு. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 இடங்கள். அதில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். ஏற்காடு தொகுதி என்றதும் வெளியூர்க்காரர்கள் ஏரி, படகு, காபித் தோட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தொகுதி மலையோடு நிற்கவில்லை, வாழப்பாடியையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துக்கொண்டு கீழே இறங்குகிறது. 2013 இடைத்தேர்தலில் இந்தத் தொகுதியில் சுமார் 2.4 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஏற்காடு வட்டத்தின் மொத்த மக்கள்தொகையே, கைக்குழந்தைகள் உட்பட, 40 ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். அதே கணக்கெடுப்பில் சேலம் மாவட்டம் முழுவதிலும் பழங்குடியினர் சுமார் 1.2 லட்சம் பேர். கருமந்துறைப் பக்கத்து மக்களையும் சேர்த்து எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் சமவெளிதான் பெரும்பான்மை.

அந்த இடைத்தேர்தல் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அமைச்சர்கள் முகாம் போட்டார்கள், கிட்டத்தட்ட 90 சதவீத ஓட்டு பதிவானது. ஜனநாயகத் திருவிழா என்று எழுதினார்கள். திருவிழா முடிந்ததும் கடை விரித்தவர்கள் மூட்டை கட்டுவார்கள் இல்லையா, அப்படித்தான் இறங்கிப் போனார்கள்.

வேட்பாளர் பழங்குடியாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பழங்குடியில் யார் ஜெயிக்கலாம் என்பதை எங்கள் ஊர் ஆதிக்கச் சாதிகளின் ஓட்டும், அந்த ஓட்டைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்கும் கட்சிகளும் முடிவு செய்கின்றன. மலையில் நிலப் பிரச்சினைக்காகக் குரல் உயர்த்துகிற ஒருவர் கீழே "தொந்தரவு பிடித்த ஆள்". அனுசரித்துப் போகிறவர் "நல்ல ஆள்". நல்ல ஆளுக்குத்தானே சீட்டு?

இது புதிய சிக்கலும் அல்ல. 1932இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கிடைத்தது. எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது, கூட்டுத் தொகுதி வந்தது. தலித் பிரதிநிதியைச் சாதி இந்துக்களின் ஓட்டு தேர்ந்தெடுத்தால் அவர் யாருக்குக் கடமைப்பட்டவராக இருப்பார் என்று அம்பேத்கர் அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார். 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாண உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனித் தொகுதியில் ஜெயிக்கிறவர் பட்டியல் சாதி மக்கள் போட்ட ஓட்டில் குறைந்தது 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவையில் எதிர்ப்பு, கடைசியில் அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நம் பாடப்புத்தகங்களில் நாகப்பாவுக்கு இடமில்லை. எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரியவந்தது.

அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒரு ஓட்டுக்கு ஒரு மதிப்பு இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அது இருக்காது என்று 1949 நவம்பரில் அம்பேத்கர் எச்சரித்தார். இங்கே அரசியலிலேயே அந்த மதிப்பு வரவில்லை என்பது என் கருத்து.

இதற்கு மேலே ஒரு படி இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள், ஏழு தனித் தொகுதிகள். பழங்குடிக்குப் பூஜ்ஜியம். 2011இல் தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7.95 லட்சம் பேர், அதாவது 1.1 சதவீதம். 39இல் அது அரை இடம்கூட வராது, ஆகவே இல்லை. கணக்குப்படி சரிதான். ஆனால் அந்தப் பூஜ்ஜியத்தின் விலையைப் பர்கூர் மலையில் போய்ப் பாருங்கள்.

அங்கேயும் கடம்பூர் மலையிலும் இருப்பவர்கள் மலையாளி மக்கள்தான். பழங்குடிப் பட்டியலில் "மலையாளி" என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களும் எழுதியிருக்கின்றன: சேலம், தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை. கோயம்புத்தூர் இல்லை. 1979இல் கோவையிலிருந்து பிரிந்தது ஈரோடு. அதனால் சேர்வராயன் மலையில் பிறந்தால் பழங்குடி, பர்கூரில் பிறந்தால் இல்லை. அங்கே ஒரு பிள்ளை படித்துவிட்டுச் சான்றிதழுக்கு அலைகிறது என்றால், மாவட்ட எல்லைக் கோடுதான் அதற்குக் காரணம். அரசியல் சட்டத்தின் 342ஆம் பிரிவுப்படி அந்தப் பட்டியலைத் திருத்த நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். நரிக்குறவர்களைச் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நிறைவேறியது. ஈரோட்டு மலையாளிகள் இன்னும் காத்திருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேச வேண்டிய அவையில், தமிழ்நாட்டுப் பழங்குடிக்கென்று ஒதுக்கிய ஒரு நாற்காலிகூட இல்லை.

தொகுதி மறுவரையறை வந்தால் தமிழ்நாட்டின் குரல் குறையும் என்று 2025 மார்ச்சில் சென்னையில் பல மாநிலங்களைக் கூட்டிப் பேசினார்கள். நியாயமான பயம், நானும் அதில் ஒருவன். தலை எண்ணிக்கை மட்டுமே நியாயம் ஆகாது என்று டெல்லியிடம் சொல்கிறோம். அதையே ஏற்காடு நம்மிடம் சொன்னால் கேட்போமா?

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள், வேளாளர் வழி, கவுண்டர் பட்டம் என்று ஒரு பழங்கதை உங்களிடம் இருக்கிறது. தர்ஸ்டன் 1909லேயே அதை அச்சில் பதிவு செய்துவிட்டார். கதை இருக்கட்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டு, எஸ்டேட் லயன் வீட்டில் கூலிக்கு இருக்கும் தலித் குடும்பத்தைவிட நாம் ஒரு படி மேல் என்று நினைத்தால், என் ஊர் ஆதிக்கச் சாதிக்காரனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? மலையில் ஓட்டுக் குறைவு என்பது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒரு வேலை. தேர்தலுக்குப் பிறகு படிவம் 20 என்று ஒன்று வெளியாகும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். ஏற்காடு தொகுதியின் பழைய படிவங்களை எடுங்கள். மலைச் சாவடிகளைத் தனியாக, அடிவாரச் சாவடிகளைத் தனியாகக் கூட்டுங்கள். மலை தேர்ந்தெடுத்தவர் யார், சமவெளி தேர்ந்தெடுத்தவர் யார், இரண்டும் எந்தத் தேர்தலில் ஒத்துப்போனது, எதில் போகவில்லை என்று எழுதுங்கள். கீழே வாழப்பாடிச் சாவடிகளின் கணக்கை நான் எடுத்துத் தருகிறேன்.