புதுச் சக்கரமும் பழைய நட்டும்

மோட்டார் வண்டிக்குச் சக்கரம் நான்கு என்பது குழந்தையும் அறியும். அந்த நான்கையும் வண்டியோடு பிணைத்து நிறுத்துபவை எத்தனை நட்டுகள், எத்தகைய நட்டுகள் என்று கேட்டால், வண்டியின் சொந்தக்காரரே சற்று விழிப்பார். நம் ஊர் மாட்டு வண்டிக்காரர் இவ்விஷயத்தில் நம்மைவிடக் கருத்துடையவர். அச்சின் முனையில் கடையாணி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் அவர் வண்டியில் ஏறமாட்டார்.

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று வண்டி உண்டு. வாங்கிய சில மாதங்களில், வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு, ஆலையிலிருந்து வந்த இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கடைத்தெருவில் 'அலாய்' என்று வழங்கும் அலுமினியக் கலப்புச் சக்கரங்களைப் பூட்டவேண்டுமென்ற ஆசை பிறக்கிறது. காஷ்மீர் கேட்டின் உதிரிப் பொருள் அங்காடிக்குச் சென்றால் கண்ணைப் பறிக்கும் சக்கரங்களுக்குக் குறைவில்லை. ஆசையில் தவறும் இல்லை. ஆனால் சக்கரத்தின் விலைக்காக அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர்கள், நட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை; கடைப் பையன் டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுப்பதைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நமக்குக் கவலை தருவது இதுவே.

சக்கரத்தை நட்டுத்தான் தாங்கி நிற்கிறது என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. நட்டை இறுக்கும்போது, குடத்திலிருந்து நீண்டிருக்கும் 'ஸ்டட்' என்ற மரையாணி மயிரிழையளவு நீள்கிறது. நீண்ட ஆணி சுருள்வில்லைப் போல் மீண்டும் சுருங்க முயல்கிறது. அந்த இழுப்பினால் சக்கரத்தின் முகம் குடத்தின் முகத்தோடு அழுந்தி நிற்கிறது. வண்டியின் பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குவது, அந்த அழுத்தத்தினால் விளையும் உராய்வேயாகும். அழுத்தம் குறைந்தால் சக்கரம் நூலளவு அசையும். அசைவு நட்டைத் தளர்த்தும். தளர்ச்சி அசைவை வளர்க்கும். ஆணி வளைந்து வளைந்து ஒருநாள் ஒடியும். 'மரை கழன்றவன்' என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நெடுஞ்சாலையில் அது வேடிக்கையாக இராது.

ஆகவே முதலில் மரையைப் பார்க்கவேண்டும். மாருதி சுசூகி வண்டிகளில் ஆணியின் தடிப்பு 12 மில்லிமீட்டர், மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஹோண்டா, ஹூண்டாய் நிறுவனங்களின் சிறு வண்டிகளில் தடிப்பு அதே 12 தான், இடைவெளியோ 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றன் நட்டை மற்றதில் திருகினால் ஓரிரண்டு சுற்றுப் போய்ப் பிடித்துக்கொள்ளும். கையால் திருகுகிறவருக்கு அது எச்சரிக்கை. காற்று அழுத்தத்தால் இயங்கும் 'கன்' வைத்திருக்கும் கடைக்காரருக்கோ அந்த எச்சரிக்கை எட்டுவதில்லை; இயந்திரம் மரையை நசுக்கிக்கொண்டே உள்ளே செலுத்திவிடும். எந்த நட்டையும் முதலில் விரலால் பூட்டச் சொல்லுங்கள். டில்லி மெக்கானிக்குகள் மரையைச் 'சூடி' என்பார்கள். வளையலுக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர். 'பாரீக் சூடியா, மோட்டி சூடியா' என்று கேட்டால், இடைவெளி நெருக்கமானதா அகன்றதா என்பது பொருள். இந்த இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவரை ஏமாற்றுவது எளிதன்று.

மரை சரியாக இருந்தாலும் நட்டின் அடிப்பாகம் சரியாக இருக்கவேண்டும். பலரும் அறியாத இடம் இதுதான். ஹோண்டா வண்டிகளோடு வரும் நட்டின் அடி, பந்தைப் போல் உருண்டிருக்கும். டொயோட்டாவின் அலாய்ச் சக்கரங்கள் பலவற்றில் தட்டையான வில்லையும் அதனடியில் நீண்ட கழுத்தும் கொண்ட நட்டு வருகிறது. வெளியில் விற்கும் சக்கரங்களிலோ நட்டு அமரும் பள்ளம் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு வடிவம். கூம்புப் பள்ளத்தில் உருண்டை நட்டை வைத்தால் என்ன ஆகும்? முகம் முழுதும் படியாமல் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். இறுக்கும்போது இறுகியதாகவே தோன்றும்; சில நாள் ஓட்டத்தில் மென்மையான அலுமினியம் அவ்விடத்தில் அமுங்கி, இழுப்பெல்லாம் போய்விடும். பழைய நட்டே போதும் என்று சிக்கனம் பார்ப்பவர்கள் இதைக் கருதவேண்டும். ஹோண்டாக்காரர் கூம்புப் பள்ளமுள்ள புதுச் சக்கரத்துக்குக் கூம்பு நட்டுத்தான் வாங்கவேண்டும்.

அலாய்ச் சக்கரம் இரும்பைவிடத் தடித்தது. அதனால் நட்டுக்குள் செல்லும் மரையின் நீளம் குறைந்துவிடலாம். ஆணியின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவேனும் மரை உள்ளே போகவேண்டும் என்பது பொது விதி. கணக்கு எளிது: 1.25 இடைவெளிக்குப் பத்துச் சுற்று, 1.5 இடைவெளிக்கு எட்டுச் சுற்று. விரலால் திருகும்போதே எண்ணிவிடலாம்.

வெளியில் விற்கும் சக்கரம் பல வண்டிகளுக்கும் பொருந்தும்படி, நடுத் துளையைப் பெரிதாக விட்டே வார்க்கப்படுகிறது. குடத்துக்கும் துளைக்கும் இடையே உள்ள வெளியை நிரப்ப ஒரு வளையம் உண்டு. அதைக் கேட்டு வாங்குவது நலம். அளவைப் பெரிதாக்கும் ஆசையையும் சற்று அடக்குவது நல்லது. தயாரிப்பாளரின் மூல விவரத்தினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

இத்தனை நுணுக்கம் தேவையா என்று சிலர் நினைக்கலாம். உலகப் புகழ்பெற்ற டொயோட்டா நிறுவனம் 2022 ஜூனில் தன் புதிய மின்சார வண்டியான 'பி இசட் 4 எக்ஸ்' ஏறத்தாழ 2,700-ஐத் திரும்பப் பெற்றது. சிறிது தூரம் ஓடியதுமே சக்கரத்தின் போல்ட்டுகள் தளர்ந்து சக்கரமே கழலக்கூடும் என்பது காரணம். சரிசெய்யும் வரை எவரும் வண்டியை ஓட்டவேண்டாம் என்றும் அறிவித்தது. பரிகாரம் கிடைக்க அக்டோபர் ஆயிற்று. ஆலையிலேயே இப்படி நேருமென்றால், கடைத்தெருவில் எவ்வளவு கவனம் வேண்டும்!

இறுக்குவதற்கும் அளவு உண்டு. ஹோண்டாவின் சிறு வண்டிகளுக்கு 108 நியூட்டன் மீட்டர். 14 மில்லிமீட்டர் போல்ட்டு உள்ள போலோ வண்டிக்கு 120. ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் முனையில் சுமார் 11 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருகுவிசைதான் அந்த 108. வண்டியின் கையேட்டில் உங்கள் வண்டிக்குரிய அளவு இருக்கும். 'டார்க் ரெஞ்ச்' கொண்டு அந்த அளவுக்கே இறுக்கச் சொல்லுங்கள். வரிசையாக அல்லாமல் எதிரெதிராக இறுக்கவேண்டும். மரையில் எண்ணெய் தடவுவது வேண்டாம்; அதே விசைக்கு ஆணி அளவுக்கு மீறி நீண்டுவிடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் இறுக்கிப் பார்க்கவேண்டும். டில்லியிலிருந்து ஊருக்குப் போகிறவர், 2012-இல் திறந்த யமுனா விரைவுச் சாலையில் ஆக்ராவை அடையுமுன் இதைச் செய்யலாம். அங்கிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாகபுரி, ஐதராபாத், பெங்களூர் வழியாகச் சேலம், மதுரை என்று இறங்குகிறது. அதற்குமுன் ஒரு முறை குனிந்து பார்ப்பதால் நேரம் போய்விடாது.

கடைசியாக ஸ்டெப்னியைப் பற்றி. வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் ஸ்டெப்னி என்றொரு தெரு உண்டு. 1904-இல் அங்கே பிறந்த மாற்றுச் சக்கரத்தின் பெயர், நம் நாட்டில் இன்றும் நிலைத்துவிட்டது. நான்கு அலாய்களைப் பூட்டுகிறவர் ஐந்தாவதை வாங்குவதில்லை. டிக்கியில் பழைய இரும்புச் சக்கரமே கிடக்கும். நடுவழியில் டயர் பஞ்சரானால், உருண்டைப் பள்ளமுள்ள அந்த இரும்புக்குப் புதுக் கூம்பு நட்டு ஒவ்வாது. போல்ட்டு வகை வண்டியாயின், அலாய்க்காக வாங்கிய நீண்ட போல்ட்டு மெல்லிய இரும்பைத் தாண்டிச் சென்று உள்ளே பிரேக்கை முட்டவும் கூடும். கடையில் கழற்றிய பழைய நட்டுகளை விட்டுவிட்டு வராமல், எண்ணிப் பார்த்து ஒரு துணிப் பையில் முடிந்து ஸ்டெப்னியின் நடுவிலேயே வையுங்கள். பையின்மேல் 'இரும்புச் சக்கரத்துக்கு' என்று தமிழில் எழுதுவதோடு இந்தியிலும் எழுதிவிடுங்கள்; நாகபுரிச் சாலையில் நமக்கு உதவ வருகிற பஞ்சர் கடைக்காரர் தமிழ் படிக்கமாட்டார்.