பெருங்கட்டடத்துக்கு விதி உண்டு. கமக்காரன் வீட்டுக்கு இல்லையா?

(கிளிநொச்சி மாவட்டத்தில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற சித்திரையில் காணி வழக்கொன்றின் பொருட்டு ஒரு கமக்காரரின் வளவுக்குச் சென்றேன். நேரம் நண்பகல். வீடு புதியது, சீமெந்துச் சுவர், மேலே தகடு. உள்ளே ஒருவரும் இல்லை. வீட்டுக் கிழவி வேப்பமரத்தின் கீழ்ப் பாய் விரித்துப் படுத்திருந்தார். பேரப்பிள்ளை அருகிருந்து படித்துக்கொண்டிருந்தது. “உள்ளுக்கு இருக்க ஏலாது, தம்பி. விசிறியைப் போட்டாலும் நெருப்புக் காத்துத்தான் வருகுது. கடன்பட்டுக் கட்டின வீட்டுக்கு வெளியிலை கிடக்கிறம்” என்றார்.

இதற்குக் காரணம் விந்தையானதன்று. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் ஞாயிறு நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. வெயிலின் பெரும்பங்கைத் தாங்குவது கூரையே. அதனை அறிந்தே நம் முன்னோர் பனையோலை வேய்ந்தனர், திண்ணை வைத்தனர், நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தால் சூடு மேலெழுந்து செல்ல வழிவிட்டனர். மீண்டும் ஓலைக் குடிசைக்குத் திரும்புங்கள் என்று நான் கூறவரவில்லை. அவர்கள் அறிந்திருந்ததைச் சட்டம் ஏன் அறியவில்லை என்றே கேட்கிறேன்.

இந்நாட்டில் வீட்டுக்குச் சட்டம் இல்லாமலில்லை. 1915-ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2007-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் நிலைபெறுதகு வலு அதிகாரசபை அமைந்தது. அடுத்த ஆண்டே வலுச் சிக்கனத்துக்கான கட்டட விதிக்கோவையும் வெளிவந்தது. ஆனால் அது நோக்கியது யாரை? நான்கு மாடிக் கட்டடத்தை. ஐந்நூறு சதுர மீற்றர் பரப்புடையதை. பெருமளவு மின்சாரம் கொள்வதை! ஹோட்டலின் குளிரூட்டிக்கு அளவு வகுத்த கோவையில் கமக்காரனின் இரண்டு அறைகளுக்கு இடமில்லை.

இவ்வெற்றிடத்தின் விலை என்ன என்பதை 2016-இல் கண்டோம். வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்றார்கள். வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்றார்கள். இந்திய உதவித் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்ததோ 550,000 ரூபா! இந்த வெயிலுக்கு இரும்பு ஏற்குமா என்று மக்கள் கேட்டனர். பொறியியல் அறிஞரும் கேட்டனர். எதிர்ப்பு வலுத்தது, அத்திட்டம் வகுத்தபடி நிறைவேறவில்லை. ஆயினும் அன்று நாம் மனுவையும் கண்டனத்தையும் நம்பியே போராடினோம். ‘வீட்டின் கூரை இவ்வளவு வெப்பத்துக்கு மேல் உள்ளே விடலாகாது’ என்று சட்டத்தில் ஒரு வரி இருந்திருப்பின், வழக்கு ஒரே நாளில் முடிந்திருக்கும்.

மின்கட்டணத்தையும் எண்ணிப் பாருங்கள். 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. பின்னர் குறைத்தார்கள், நாளை மீண்டும் கூட்டவும் கூடும். கட்டணம் ஏறும், இறங்கும். பிழையாகக் கட்டிய கூரையோ ஐம்பது ஆண்டு நிற்கும்.

ஆதலின் விதிக்கோவையைப் புதுப்பிக்கும்போது சிறு வீட்டுக்கெனத் தனி அத்தியாயம் வேண்டும். தகட்டுக் கூரையாயின் அதன் கீழ்க் காற்றிடைவெளி விட்டு உட்கூரை வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் சாளரங்கள் வேண்டும். மேற்குச் சுவருக்கு விறாந்தையோ நிழலோ வேண்டும். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும்.

“ஏழையின் தலையில் இன்னொரு செலவா? பிரதேச சபை வாசலில் இன்னொரு பத்திரமா?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இவ்விதி முதலில் அரசாங்கத்தையும் ஒப்பந்தகாரரையும் கட்டுப்படுத்தட்டும் என்கிறேன். உதவிப் பணம் கொடுப்போர் உட்கூரைச் செலவையும் அதில் சேர்த்தே கொடுக்கட்டும். பொறியியலாளர் வரைந்த மாதிரிப் படங்களைச் சபைகள் இலவசமாக வழங்கட்டும்; அப்படத்தின்படி கட்டுபவனுக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று எழுதட்டும்.

மாகாண வீடமைப்பு அரசியலமைப்பில் மாகாண சபைக்குரிய விடயம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. சபை இல்லாத காலத்திலும் வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது!

பொறியியலாளர்களே, படத்தை வரைந்து தாருங்கள். சட்டம் படித்தவர்கள் நாம் வாசகத்தை எழுதுவோம். கமக்காரப் பெருமக்களே, வாக்குக் கேட்டு வருவோரை மரநிழலில் இருத்தாதீர்கள். நண்பகலில் உங்கள் வீட்டினுள்ளே இருத்திப் பேசுங்கள். விதி தானாகவே மாறும்.